கை சுத்தம்

இலையின் மேல்பக்கம் ஆள்காட்டி விரலை வைத்துத் தாங்கிக்கொண்டு, அடிப்பக்கத்தில் ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயை ஒட்டி மெல்ல அழுத்த வேண்டும். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்பதைத் தலை மறந்துவிட்டது. விரலுக்காவது ஞாபகம் இருக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன், விரலும் மறந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் இலை கிழிகிறது, குறைத்தால் திரவம் உள்ளே போகாமல் மணிக்கட்டு வழியாக ஸ்வெட்டர் கைக்குள் வழிகிறது. சரியாக அமைந்தால் இலைக்குள் ஒரு ஈரக்கறை கரும்பச்சையாகப் பரவும், தாளில் எண்ணெய் பரவுகிற மாதிரி. அப்படிப் பரவியது இதுவரை பாதி நாற்றுகளில்கூட இல்லை. இந்தக் குளிர் அறைக்குள் நான் இப்படி ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. எட்டிப் பார்ப்பேன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஏதாவது சொல்வேன், போய்விடுவேன். டாக்டர் கோகிலவாணி, துறைத் தலைவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறவள், நாற்றுக்கு ஊசி போட மாட்டாள். அதற்குத்தான் என் ஆராய்ச்சி மாணவன் அமுதன் இருக்கிறான். அமுதன் இன்று வரவில்லை. நாற்றுகளுக்கு அது தெரியாது. வித்திலை இரண்டும் விரிந்து, நடுவில் முதல் இலை எட்டிப் பார்க்கிற இந்தப் பருவம் இன்றைக்குத்தான், நாளைக்கு இலை தடித்துவிடும், உள்ளே ஏற்றுகிற வைரஸ் சரியாகப் பரவாது. அதனால் நான் உட்கார்ந்தேன். அதனால் மட்டும்தானா. என் அறையில் உட்கார்ந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன், இங்கே கை இரண்டும் ஈரமாக இருக்கும், போனைத் தொட முடியாது, அதற்காகவும்தான்.

அடுத்த நாற்று. முழங்கால் வலிக்கிறது, இந்தக் குளிர் எலும்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார், வைரஸுக்கு இந்தக் குளிர்தான் ஆகும், சூடு ஏறினால் வேலையைப் பாதியில் விட்டுவிடும். உடுமலைப் பக்கம் தக்காளி போடுகிற என் தம்பி ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டு, "ஏங்க்கா, ஊர்ல இருக்கற நோவு பத்தாதுன்னு நீங்களே ஏத்தி வேற உடறீங்களா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான், ஆனால் அந்த வருடம் இலைச்சுருட்டை வந்து ஒரு காடு முழுக்கப் பிடுங்கிப் போட்டிருந்தவன், அதனால் முழுச் சிரிப்பு இல்லை. அவனுக்கு விளக்கினேன். இது பல்லுப் பிடுங்கின பாம்புடா. வைரஸுக்குள் தக்காளியின் சொந்த மரபணுவிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்து அனுப்புகிறோம், செடி வைரஸை எதிரி என்று அடையாளம் கண்டு அது பேசுகிற பேச்சையெல்லாம் தேடித் தேடி நறுக்கிப் போடும், நறுக்குகிற வேகத்தில், அதே மாதிரி இருக்கிற தன்னுடைய பேச்சையும் சேர்த்து நறுக்கிவிடும், அந்த மரபணு அப்படியே ஊமையாகிவிடும். ஊமையானதும் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் அந்த மரபணு இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும். தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாயை அடைச்சுப் பார்த்துத்தான் அது என்ன பேசுச்சுன்னு தெரிஞ்சுக்கணுமா" என்றான். ஆமாம்டா, வேறு வழி இல்லை, விட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சத்தமாக இருக்கும், எது யாருடைய குரல் என்று தெரியாது. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் அதை. இப்போது சொல்லச் சொன்னால் வராது.

மூன்று ட்ரே. ஒன்றில் பச்சையத்தைக் காக்கிற மரபணுவின் துண்டை ஏற்றிய வைரஸ், அது வேலை செய்தால் புதிதாக வருகிற இலைகள் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகும், முறை சரியாக நடக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இன்னொன்றில் நாங்கள் உண்மையில் தேடுகிற மரபணு, வாடல் நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்று நான் சந்தேகப்படுவது. மூன்றாவதில் துண்டு எதுவும் இல்லாத வெறும் வைரஸ். அது பச்சையாகவே இருக்க வேண்டும், அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது, அதற்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் மற்ற இரண்டையும் நம்ப வைக்கிறது. போன முறை அந்த மூன்றாவது ட்ரேயில் வெளுத்தது. எல்லாம் அல்ல, நாலைந்து செடி, ஒவ்வொன்றிலும் நரம்போரம் வெள்ளை. அமுதன்தான் நேற்று மத்தியானம் வந்து சொன்னான். "மேடம், வெறும் வைரஸ் போட்டதுலயும் வெளுக்குதுங்க." நான் மேசையில் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன், நிதி கொடுக்கிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டிய படத்தைக்கூட அந்த ட்ரேயிலிருந்துதான் எடுத்திருந்தோம். எழுந்து லேபுக்குள் போனேன். எல்லோரும் இருந்தார்கள், நஸ்ரின், ஜெபராஜ், இரண்டு எம்.எஸ்சி. பெண்கள். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "உனக்குக் கை சுத்தம் கிடையாதுப்பா. எத்தனை தடவை சொல்றது. கை சுத்தம் இல்லாதவன் இந்த வேலைக்கு ஏன் வரணும்?"

இது கிழிந்தது. வேறு இலையில் போடலாம். கை சுத்தம் என்றால் கிருமி ஒட்டாத கை, ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு எதையும் கடத்தாத கை, இந்த லேபில் அதற்கு அதுதான் அர்த்தம், நான் படித்த லேபிலும் அதுதான், எனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த கைடும் அதைத்தான் சொல்வார், நான் வேறு எதையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லையா. வெளியே, ஊரில், கை சுத்தம் என்றால் திருடாதவன். கல்லாவில் உட்கார வைக்கலாம், சாவியைக் கொடுக்கலாம், அவனுக்குக் கை சுத்தம். கை சுத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அது போதாதென்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, சொல்ல நினைக்கவும் இல்லை, ஆனால் வாய் திறந்து சொல் வெளியே போனவுடனே அவன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, ட்ரேயைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான். சேர்க்கைக்கு வந்த அன்று நான்தான் கேட்டேன், அப்பா என்ன பண்றார் என்று. "பண்ருட்டி நகராட்சியிலங்க மேடம்." நகராட்சியில் என்ன வேலை என்று அதோடு விடாமல் கேட்டேன், ஏன் கேட்டேன், எல்லோரிடமும் அப்படிக் கேட்பேனா, நஸ்ரினிடம் அவள் அப்பா துணிக்கடை என்றதும் என்ன துணி என்று கேட்டேனா. "துப்புரவுங்க மேடம். சாக்கடை." தலையை நிமிர்த்தித்தான் சொன்னான். நான் "நல்லது" என்றேன். நல்லது. எது நல்லது. அந்த ‘நல்லது’ இத்தனை நாள் எங்கே கிடந்தது, இன்றைக்கு எழுந்து வருகிறது.

அவன் கையை இந்த லேபில் வேறு யாரும் கழுவாத மாதிரி கழுவுவான். முழங்கை வரைக்கும், விரலிடுக்கு, நகத்தடி, சிவப்பு சோப்பு ஒன்றைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருப்பான், அவன் பக்கத்தில் நின்றால் அந்த வாசனைதான் வரும், ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு அது தெரியும். ஒரு நாள், ரொம்பக் கழுவாதே, தோல் போய்விடும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்து, "பழக்கங்க மேடம்" என்றான். எங்கே வந்த பழக்கம் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டேன், கேட்கக் கூடாததைக் கேட்பேன், அப்படி ஒரு திறமை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நேற்று அப்படிச் சொன்னேன். அவன், "சரிங்க மேடம்" என்றான். வெள்ளைக் கோட்டைக் கழற்றி, எறியவில்லை, நான்காக மடித்து நாற்காலியில் வைத்தான், கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டு போகிறவன் கதவை அறைய வேண்டாமா. அறைந்திருந்தால் நேற்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. காலையிலிருந்து எத்தனை முறை போட்டேனோ, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை சொல்கிறாள், எவ்வளவு பொறுமை அவளுக்கு. விடுதிக் காப்பாளரைக் கேட்டேன். வேறு காரணம் சொல்லித்தான் கேட்டேன், ஒரு சாவி அவனிடம் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அறை பூட்டியிருக்கிறது என்றார். பூட்டியிருக்கிறது என்றால் வெளியிலிருந்து பூட்டா, உள்ளிருந்தா. "வெளியில பூட்டுங்க மேடம், ஏன் மேடம்?" ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. வெளிப்பூட்டு நல்லதுதானே, வெளியே போயிருக்கிறான் என்று அர்த்தம். வெளியே எங்கே. எனக்கு வேலை கிடைத்த புதிதில் வேறு துறையில் ஒரு பையன் இருந்தான், பெயர்கூட இப்போது நினைவில்லை, பெயர் போய்விட்டது, பண்ணைக் கிணற்று மேட்டில் அவன் செருப்பு ஜோடியாகக் கிடந்தது மட்டும் போகவில்லை. கழற்றி விட்ட மாதிரி இல்லை, கோயில் வாசலில் வைப்பது போல ஒழுங்காக வைத்திருந்தது. நான் அந்தப் பக்கம் சோதனைக்கு மண் எடுக்கப் போனவள். அப்புறம் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், அவனுடைய கைடு ஏதோ சொல்லிவிட்டாராம், பெரிதாக ஒன்றும் இல்லையாம், எப்போதும் சொல்வதுதானாம். எப்போதும் சொல்வதுதானாம். அமுதன் கோட்டை மடித்து வைத்தான். ஒழுங்காக. நான்காக. இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எப்படிப்பட்டவன் என்று எனக்கு என்ன தெரியும், இரண்டு வருடமாக என் முன்னால் நின்றவன், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லச் சொன்னால் என்ன சொல்வேன், சிவப்பு சோப்பு என்றா.

ஆனால் கல்ச்சர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் காலையிலிருந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். வைரஸைச் சுமக்கிற பாக்டீரியாவை முந்தின நாளே வளர்க்கப் போட வேண்டும், ராத்திரி முழுக்க அது குலுங்கிக்கொண்டே வளர வேண்டும், இன்று நான் வந்தபோது மூன்று குடுவையும் ஷேக்கரில் ஆடிக்கொண்டிருந்தன, கலங்கி, சரியான பக்குவத்தில். மத்தியானம் நான் கத்தினேன், கல்ச்சர் போடுவது சாயங்காலம், அப்படியானால் போனவன் திரும்பி வந்து போட்டிருக்கிறான். மறுநாள் நாற்றுக்கு வேண்டும் என்று நினைத்துத் திரும்பி வந்து போட்டிருக்கிறான். நாளை என்று ஒன்று இருப்பதாக நினைக்கிறவன்தானே அப்படிச் செய்வான். அல்லது பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகிறவனும் அப்படித்தான் செய்வான். ஒரே குடுவை, இரண்டு அர்த்தம். வாழ்க்கை முழுக்க இதுதான் என் தொழில், ஒரு இலையைப் பார்த்து உள்ளே என்ன நடந்தது என்று சொல்வது, என்னால் ஒரு குடுவையைப் பார்த்து ஒரு பையன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல முடியவில்லை.

வெறும் வைரஸ் ட்ரேயில் ஏன் வெளுத்தது. சிரிஞ்சு மாறியிருக்கலாம். குடுவை மாறியிருக்கலாம். உறைய வைத்திருந்த மூலக் கல்ச்சரே கலந்திருக்கலாம், அதைப் போட்டது அவனுக்கு முன்னால் இருந்த பெண். செடிப்பேன் ஏதாவது புகுந்திருக்கலாம். மேல் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கலாம். படம் எடுப்பதற்கு முன்னால் பழுத்த அடியிலைகளை நறுக்கி விட்டது நான்தான், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, கையில் கிடைத்த கத்தரிக்கோலை வைத்து மூன்று ட்ரேயையும் வரிசையாக நறுக்கிக்கொண்டே போனேன், நடுவில் அதைத் துடைத்தேனா. துடைத்திருப்பேன். எப்போதும் துடைப்பேன். அன்றைக்குத் துடைத்தேனா. சாறு பட்டால் போதும், அந்த வைரஸ் தாவும். இது இப்போதுதான் தோன்றுகிறதா, நேற்றே தோன்றியதா, தோன்றியதால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேனா. தெரியாது. இனி தெரியவும் போவதில்லை, அந்தச் செடிகளை, வைரஸ் வெளியே போகாமலிருக்க, நேற்றே ஆட்டோகிளேவில் அவித்துக் கொட்டச் சொல்லிவிட்டேன். தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அவன் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெளுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அந்த நாலைந்து தொட்டிகளைப் பின் வரிசைக்குத் தள்ளி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கே தெரிந்திருக்காது, வருகிறவர்கள் கை குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். நான் பார்த்த எத்தனையோ பேர் அதைத்தான் செய்தார்கள், பெரிய பெரிய நாற்காலியில் இருக்கிறார்கள். அவன் நடந்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னான். அவனைப் போய். ஊர் சொல்கிற அர்த்தத்தில் எடுத்தாலும், லேப் சொல்கிற அர்த்தத்தில் எடுத்தாலும், அவனைப் போய்.

பக்கத்து அறையில் சிரிக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் லேப், டீ வந்திருக்கும், நஸ்ரினின் சிரிப்பு தனியாகக் கேட்கிறது, கண்ணாடி வளையல் மாதிரி. எப்படிச் சிரிக்க முடிகிறது இவர்களால். கூட வேலை செய்கிறவன் நேற்றிலிருந்து காணோம், நாற்காலியில் அவன் கோட்டு மடித்தபடி கிடக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துச் சிரிக்கிறார்கள், இந்தத் தலைமுறைக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது. காலையில் அவர்களைத் தாண்டித்தான் வந்தேன். அமுதன் எங்கேம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று "குட்மார்னிங் மேடம்" என்றார்கள், என் முகத்தையே பார்த்தார்கள், அந்தப் பார்வையில் நேற்றைய மத்தியானம் அப்படியே இருந்தது, நான் "ஆட்டோகிளேவை யாரு கழுவாம வெச்சது?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். அமுதன் எங்கே என்று நான் கேட்டால் எனக்குப் பயம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும், பயம் வந்துவிட்டது என்றால் சொன்னது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், ஒப்புக்கொண்டால் நாளைக்கு இவர்களில் யார் நான் சொல்வதைக் கேட்பார்கள். என் கைடு ஒரு முறை நான் கல்ச்சர் வளர்த்த தட்டுகள் அத்தனையையும் எடுத்துத் தொட்டியில் போட்டார், எல்லோருக்கும் முன்னால், பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்றார். கடைசி வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை, பணி ஓய்வு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தினேன். அப்படித்தான் இருக்க வேண்டும், கைடு என்றால் அப்படித்தான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. தட்டுகள் போனது வலித்தது. அது வலிக்கத்தான் செய்தது. இப்போதும், சொல்லும்போது.

சிரிஞ்சு காலி. நிரப்ப வேண்டும். இன்னும் ஒரு ட்ரே முழுக்க இருக்கிறது. நிரப்புகிறேன், முனை குடுவையின் விளிம்பில் தட்டுகிறது. அப்போதுதான் மறுபடி அந்தச் செருப்பு கண் முன்னால் வந்தது. இந்த முறை வேறு மாதிரி வந்தது, செருப்பு தெரிந்த செருப்பாக இருந்தது, நீலப் பட்டை, குதிகால் தேய்ந்தது, தினமும் லேப் வாசலில் அவன் கழற்றி விடுவது. சிரிஞ்சைக் கீழே வைத்தேன். வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. ரேக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கையுறையைக் கழற்றவில்லை, ஸ்வெட்டர் கை சொட்டச் சொட்ட லேப் கதவைத் தள்ளினேன்.

சிரிப்பு நின்றது. நால்வரும் எழுந்தார்கள், ஜெபராஜ் வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்க முடியாமல் நின்றான். நான், "அமுதன்" என்றேன். அப்புறம், "அமுதனை யாராவது பார்த்தீங்களாப்பா? போன் எடுக்க மாட்டேங்கிறான்" என்றேன். நஸ்ரின் மற்றவர்களைப் பார்த்தாள். "ஊருக்குப் போயிட்டானுங்க மேடம். நேத்து சாயங்காலமே. பஸ் ஏறினதும் எனக்கு மெசேஜ் போட்டான். காலைல போய்ச் சேர்ந்துட்டேன்னும் போட்டான். சார்ஜ் இல்லைன்னு போனை அணைச்சுட்டானுங்க." நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்துவிட்டான். காலையிலேயே. நான் விடுதிக்குப் போன் போட்டபோது, நான் அந்தக் குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவன் அவன் வீட்டில் இருந்திருக்கிறான். "ஏம்மா சொல்லலை என்கிட்ட?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கெஞ்சுகிற மாதிரி வந்தது. நஸ்ரின் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையில்லை. "அப்ப கல்ச்சர்?" என்றேன், பைத்தியக்காரி மாதிரி. "நான்தான் போட்டேனுங்க மேடம். நாற்று வீணாப் போயிருமேன்னு."

இவர்கள் சிரித்தது அவன் உயிரோடு இருப்பது தெரிந்ததால். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அந்தப் பக்கம் நான் ஒருத்தி குளிரில் உட்கார்ந்து மனசுக்குள் அவனைக் கொன்று கொன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரோ எனக்கு ஸ்டூலை நகர்த்தினார்கள், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச வராது. "நேத்து நான் சொன்னேன் இல்லையா, உங்க எல்லாருக்கும் முன்னாடி" என்றேன். "அது தப்பு. வெளுத்தது யாரால வெளுத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் நறுக்கின கத்தரிக்கோலாக்கூட இருக்கும். தெரியாம அவனைச் சொன்னேன். அதுவும் அந்த வார்த்தை..." இங்கே நின்றுவிட்டது. அந்த வார்த்தையை மறுபடி சொல்லாமல் அதைத் திரும்பப் பெறுவது எப்படி என்று தெரியவில்லை. "அந்த வார்த்தை அவனைச் சொல்லக்கூடாத வார்த்தை. யாரையுமே. நீங்க கேட்டீங்க, அதனால உங்ககிட்டயும் சொல்றேன்." எம்.எஸ்சி. பெண்களில் ஒருத்தி அழுகிறாளா என்ன, குனிந்துகொண்டாள். ஜெபராஜ் பிஸ்கட்டை விழுங்கினான். இவ்வளவுதானா. நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்று இத்தனை நேரம் பயந்தேன், நாளைக்குக் கேட்டால் கேட்கிறார்கள்.

"அவங்க வீட்டு நம்பர் இருக்காம்மா?" நஸ்ரின் தன் போனிலிருந்தே போட்டு என் கையில் கொடுத்தாள், கையுறை ஈரம், அப்படியே வாங்கிக்கொண்டேன். அவன் அம்மா எடுத்தார்கள். நான் பெயரைச் சொன்னதும், "ஐயோ மேடமா" என்றார்கள், பின்னால் நாற்காலியோ எதுவோ நகர்கிற சத்தம், எழுந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது, போனில் என்னிடம் பேச எழுந்து நிற்கிறார்கள். "மன்னிச்சுக்குங்க மேடம், சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டான். உங்க வேல எதனா கெட்டுப்போச்சுங்களா? நான் திட்டினேன் மேடம், பெரியவங்க ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க, அதுக்குப் போய் மூட்டை கட்டிக்கிட்டு வருவாங்களான்னு. நாலு நாள்ல அனுப்பிடறேன் மேடம். அவனைத் தள்ளிடாதீங்க." நான், "அம்மா, நீங்க உக்காருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல. "உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் பேசக்கூடாததைப் பேசிட்டேன். அவன்கிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா, நான் சொல்லணும்." போனைக் கையால் பொத்தினார்கள், சரியாகப் பொத்தவில்லை. ஏதோ கொஞ்சம் தணிந்த பேச்சு, புள்ள, மேடம்டா, பெரியவங்கடா. அப்புறம் அவன் குரல், தூரத்திலிருந்து, ஆனால் அவ்வளவு தெளிவாக. "நான் பேசமாட்டேன். போனை வெச்சிடும்மா. வெச்சிடுன்றேன் இல்ல." அவர்கள் திரும்பி வந்து, "தூங்கறான் மேடம்" என்றார்கள். "தூங்கட்டும்மா" என்றேன். "எழுப்ப வேணாம். அவன் வரலைன்னாலும் பரவாயில்ல. என்கிட்ட வர வேணாம்னு நினைச்சா வேற கைடுகிட்ட மாத்தித் தர்றேன், அவன் செஞ்ச வேலை அத்தனையும் அவன் பேர்லதான் போகும். அதை மட்டும் அவன் எழுந்ததும் சொல்லுங்க." அவர்கள், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார்கள். புரிந்ததா, பயந்ததா, தெரியவில்லை.

போனை நஸ்ரினிடம் கொடுத்தேன். "வருவானா மேடம்?" என்று கேட்டாள். முதல் முறையாக அவள் என்னிடம் ஏதோ கேட்கிறாள். "தெரியலைம்மா." "மிச்ச ட்ரேயை நான் போடட்டுங்களா, நீங்க டீ குடிங்க மேடம்." வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் குளிர் அறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறது. பிழைத்துக் கிடக்கிறான், என்மேல் கோபமாக இருக்கிறான், இரண்டும் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன, எது எடை கூடுதல் என்று பார்க்கக்கூட அலுப்பாக இருக்கிறது. அவன் வரமாட்டான். வந்தாலும் வேறு அறைக்குப் போவான், வராந்தாவில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பான். நிற்கட்டும். இரண்டு வருடம் என் முன்னால் நின்று பேசியவன், ஒரு வாக்கியம் முடியாமல் ‘ங்க’ போட்டவன், ‘ங்க மேடம், ங்க மேடம்’ என்றே அவன் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் கேட்டேன், அவனுக்கு வேறொரு குரல் இருக்கிறது, கனத்தது, கொஞ்சம் கரகரப்பானது, வீட்டில் அம்மாவிடம் அதட்டிப் பேசுகிறது, எனக்கு எதிரில் ஒருமுறைகூட வெளியே வராதது. நல்ல குரல். நாற்றைத் திருப்பி, இலையின் மேல் விரலை வைத்தேன்.